பாதாள ஊருக்குச் சோறும் துணியும்: மண்ணில்லாமல் பயிர் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நிலத்தடியில் ஒரு சமூகத்தைக் குடியேற்றிக் கதை எழுதுபவர்கள் சுரங்கப் பாதைகளை வரைவார்கள், கதவுகளுக்குக் காவல் போடுவார்கள், ஆட்சிமுறைக்குச் சட்டம் எழுதுவார்கள். சாப்பாடு என்று வந்ததும் "செடிகள் விளக்கொளியில் தண்ணீரில் வளர்ந்தன" என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். துணிக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆனால் அந்த ஊரில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எது விலை உயர்ந்தது, எதற்காகச் சண்டை வருகிறது, எல்லாமே அந்த வரிக்குள்தான் இருக்கிறது. அதை விரித்துக் காட்டுவதுதான் இந்த வழிகாட்டி. கதை, விளையாட்டு, வரைகதை எதற்காக நீங்கள் ஊர் கட்டினாலும் இது பொருந்தும்.

கணக்குக்காக 500 பேர் வாழும் ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். மேலே போக வழியில்லை, சூரியன் இல்லை, வெளியிலிருந்து உணவு வராது. இப்படி அடைபட்ட ஊரில் எதுவும் காணாமல் போவதில்லை. விளக்கில் ஊற்றிய மின்சாரம் வெப்பமாகத் திரும்பி வரும். சாப்பிட்டது சிறுநீராக வரும். அறுவடை வைக்கோலாக வரும். எனவே விதையிலிருந்து தொடங்காதீர்கள். திரும்பி வருவதை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

முதல் படி: சாப்பாட்டை வெளிச்சமாக மாற்றிக் கணக்கிடுங்கள்

ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,400 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். ஈரம் போக, உலர்ந்த உணவாக அது சுமார் 700 கிராம். பயிருக்கான ஒளியை மோல் என்ற அலகில் எண்ணுவது வழக்கம். நன்றாகப் பராமரிக்கும் கோதுமை, ஒரு மோல் ஒளிக்கு 0.85 கிராம் அளவுக்கு உலர் எடை சேர்க்கும் என்று கணக்குப் போடலாம். அதில் தானியமாக வருவது 40 முதல் 45 சதவீதம்தான், மீதி தாளும் வேரும். ஆக, வாயில் போடக்கூடியது மோலுக்கு 0.37 கிராம். ஒரு ஆளின் ஒரு நாள் உணவுக்கு 1,900 மோல் ஒளி வேண்டும்.

இன்றைய நல்ல எல்இடி விளக்கு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, 10.8 மோல் ஒளி தரும். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 175 யூனிட். இரவு பகலாக 7 கிலோவாட்டுக்கு மேல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 500 பேருக்கு விளக்குகளுக்கு மட்டும் ஏறக்குறைய 3.7 மெகாவாட். பம்பு, காற்று, குளிரூட்டல் எல்லாம் சேர்த்தால் 5 மெகாவாட்டைத் தாண்டும்.

இந்த எண்ணைக் கதையில் எங்காவது எழுதி வையுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. உங்கள் ஊருக்கு எல்இடி செய்யத் தெரியாது, சோடியம் ஆவி விளக்குதான் உண்டு என்றால் அந்த 175 யூனிட் 310 ஆகிவிடும். எல்இடியே இருந்தாலும் அது 50,000 மணி நேரம் உழைக்கும் என்று கொண்டால், ஓயாமல் எரியும்போது 6 ஆண்டுக்குள் மங்கிவிடும். அப்புறம் புது விளக்கு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஊர், நம்பும்படியான ஊர்.

இடம் எவ்வளவு என்றால், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 50 மோல் பாய்ச்சினால் ஆளுக்கு 40 சதுர மீட்டர் பயிர்ப்பரப்பு. 500 பேருக்கு 2 ஹெக்டேர். நான்கு அடுக்காக அடுக்கினால் தரை 5,000 சதுர மீட்டராகக் குறையும். நடைபாதை, குழாய், நாற்றங்கால் சேர்த்து அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இலைக்கீரை காட்டி யாரும் ஊரைக் காப்பாற்ற முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லண்டனின் கிளாப்பம் பகுதியில், இரண்டாம் உலகப் போரின்போது தோண்டிய பதுங்குச் சுரங்கத்தில், 33 மீட்டர் ஆழத்தில், 2015 முதல் ஒரு பண்ணை நடந்தது. விளைந்தவை சாலட் இலைகளும் மணமூட்டும் தழைகளும். விற்பனைக்கு அவை சரியான பயிர்கள். ஆனால் லெட்டூஸில் 100 கிராமுக்கு 15 கலோரிதான். அதை மட்டும் தின்று ஒருவர் உயிர் வாழ நாளொன்றுக்கு 16 கிலோ வேண்டும்.

இரண்டாம் படி: வெப்பத்தை வெளியே தள்ளும் வழி

எரிக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பம்தான். "சுற்றிலும் குளிர்ந்த பாறை இருக்கிறதே, அது உறிஞ்சிக்கொள்ளாதா?" என்று பலரும் நினைக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு உறிஞ்சும். லண்டன் சுரங்க ரயில் ஓடும் களிமண் 1900 வாக்கில் 14 டிகிரி இருந்தது. ஒரு நூற்றாண்டு ரயில் ஓடிய பிறகு 19 முதல் 26 டிகிரி வரை சூடேறிவிட்டது. பாறையும் களிமண்ணும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் கடத்திவிடாது. ஆழம் கூடினால் இன்னும் மோசம்: ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பாறை சுமார் 25 முதல் 30 டிகிரி கூடுதலாகச் சுடும். தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை 60 டிகிரியைத் தாண்டுகிறது. பனிக்கட்டிக் கூழை உள்ளே இறக்கித்தான் ஆட்கள் வேலை செய்யும்படி குளிர்விக்கிறார்கள்.

எனவே ஊரை மிக ஆழத்தில் வைக்காதீர்கள், ஓடும் குளிர்நீர் ஒன்றின் அருகில் வையுங்கள். 5 மெகாவாட் வெப்பத்தை, தண்ணீரை 10 டிகிரி மட்டும் சூடாக்கி வெளியேற்ற வேண்டுமென்றால் நொடிக்கு 120 லிட்டர் ஓட்டம் வேண்டும். ஒரு நடுத்தர நிலத்தடி ஓடை போதும். அந்த ஓடை வற்றினால் பயிர் தாகத்தால் சாகாது, சூட்டால் சாகும்.

இதில் செடியே உங்களுக்குத் துணை. விளக்கின் வெப்பத்தில் பெரும்பகுதியை இலைகள் நீராவியாக மாற்றிவிடுகின்றன. ஒரு ஆளுக்கான 40 சதுர மீட்டர் பயிர் ஒரு நாளில் ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும். குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் அந்தக் காற்றை ஓட்டினால் நீர் சொட்டாக வடியும். அது காய்ச்சி வடித்த நீருக்கு நிகரானது. குடிக்க 3 லிட்டர் போக மீதியெல்லாம் திரும்பத் தொட்டிக்கு. வயலுக்குக் கீழே உட்கார்ந்து குடிநீர் பிடிக்கும் ஊர் அது.

மூன்றாம் படி: காற்றுக் கணக்கு

அரிசோனாவிலுள்ள பயோஸ்பியர் 2 என்ற மூடிய சோதனைக் கூடத்தில் 1991 செப்டம்பரில் 8 பேர் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். 16 மாதத்தில் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5-க்கு இறங்கிவிட்டது. கொழுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவைச் செடிகள் பிடிக்குமுன் புது கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. உங்கள் ஊரிலும் சுரங்கச் சுவர்களுக்கு கான்கிரீட் பூசியிருந்தால் மேலே ஒரு பூச்சு அடித்துவிடுங்கள். மண்ணில்லாமல் பயிர் செய்வதற்கான மிக வலுவான காரணமும் இதில்தான் இருக்கிறது: தண்ணீரில் வளரும் பயிரின் மூச்சை அளந்துவிடலாம், மண்ணின் மூச்சை அளப்பது கடினம்.

ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அவருடைய உணவு முழுவதையும் விளைவிக்கும் பயிருக்கு, தாளும் வேரும் உட்பட, 2 கிலோவுக்கு மேல் வேண்டும். அப்படியானால் வைக்கோலை அப்படியே குவித்து வைத்தால் என்ன ஆகும்? பயிருக்குக் கரியமில வாயு பற்றாமல் போய், ஊரில் ஆக்சிஜன் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். தீப்பிடித்தால் அணைக்க முடியாது. ஆகவே வைக்கோல் மட்கியே ஆக வேண்டும். முதலில் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பொட்டாசியத்தைக் கரைத்து எடுங்கள், அப்புறம் அதில் சிப்பிக் காளான் வளருங்கள். காளானும் நம்மைப்போல மூச்சுவிடும், இருட்டறையே போதும், சாப்பாடும் ஆகிறது. மிஞ்சியதை மட்கு உருளைக்கு விடலாம். வைக்கோல் எத்தனை நாளில் மட்கும் என்பதைக் கையில் வைத்திருப்பவர்தான் அந்த ஊரின் காற்றைக் கையில் வைத்திருப்பவர்.

பயிர் அறையில் கரியமில வாயு 1,000 முதல் 1,200 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) இருந்தால் நல்லது. இன்னும் அதிகம் ஊட்டினால் கோதுமை மணி பிடிப்பது குறையும். எத்திலீன் என்று இன்னொரு வாயு இருக்கிறது. பழுக்கும் பழமும் அழுகும் இலையும் அதை விடும். திறந்த வெளியில் பறந்துபோகும். மூடிய அறையில் தேங்கும். நூறு கோடியில் சில பத்துப் பங்கு இருந்தாலே கோதுமைக் கதிர் மலடாகும், பருத்திக் காய் உதிரும். பழக்கிடங்கின் காற்று தானிய அறைக்குள் வரவே கூடாது. எத்திலீனைப் பிடிக்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வடிகட்டிகள் வேண்டும்.

நான்காம் படி: ஊட்டக் கரைசல்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட கரைசல் இன்றும் அடிப்படை. பின்னால் திருத்திய முழு வலிமை அளவில் ஒரு லிட்டருக்கு நைட்ரஜன் 210 மில்லிகிராம், பொட்டாசியம் 235, கால்சியம் 200, கந்தகம் 64, மெக்னீசியம் 48, பாஸ்பரஸ் 31. அத்துடன் இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம் கொஞ்சம் கொஞ்சம். கீரைகளுக்கு இதில் பாதி வலிமை போதும்.

அடர் கரைசலை இரண்டு பீப்பாய்களில் தனித்தனியாக வையுங்கள். கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும் ஒன்றில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றதில். அவசரத்தில் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் தெளிந்த நீர் கண்முன்னே பால்போல வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் அடியில் சுண்ணாம்புச் சேறு படியும். கால்சியம், சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகவும் பாஸ்பேட்டோடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகவும் படிந்துவிட்டது, இனி எந்த வேருக்கும் கிடைக்காது. பாதாள ஊரில் அது ஒரு பீப்பாய் உரம் மட்டுமல்ல, பல மாதம் சேர்த்த பாஸ்பரஸ். பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு முதல் நாள் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான்.

கரைசலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5 முதல் 6.5-க்குள் இருக்கட்டும். 7-ஐத் தாண்டினால் இரும்பு கைவிட்டுப் போகும். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் அடையாளம். கீழ் இலை மஞ்சளானால் நைட்ரஜன் பக்கம் பாருங்கள்.

இந்த உப்புகளெல்லாம் எங்கிருந்து வரும்? முதல் ஆண்டுக்கு மூட்டையில் வரலாம். அப்புறம் மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும். ஒருவரின் சிறுநீரில் நாளொன்றுக்கு 10 கிராம் அளவுக்கு நைட்ரஜனும், ஒரு கிராம் அளவுக்குப் பாஸ்பரஸும், 2, 3 கிராம் பொட்டாசியமும் போகின்றன. அதை அப்படியே ஊற்றினால் யூரியா அமோனியாவாகி வேரைக் கருக்கிவிடும். காற்றூட்டிய தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்களிடம் விட்டால் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். ஆனால் மாற்றும்போது அமிலம் சேரும், பாதி வழியில் பாக்டீரியா ஓய்ந்துவிடும். நிலத்தடி வாழ்க்கையின் ஒரு வரம் இங்கே உதவுகிறது: சுண்ணாம்புக்கல். உடைத்த சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் போட்டால் அமிலம் தணியும், பாக்டீரியா வேலையை முடிக்கும், கையில் கால்சியம் நைட்ரேட் இருக்கும். சுவரைப் பெயர்த்துக் கரைத்துப் பயிருக்கு ஊற்றும் ஊர் என்று எழுதினால் அது மிகையாகாது. மலத்தை இந்த வழியில் விடாதீர்கள். தனியாக, அதிக வெப்பத்தில் மட்கவைத்து, நோய்க்கிருமி சாகும்வரை காத்திருங்கள்.

இப்போது இந்தச் சுற்றின் பெரிய எதிரி: சமையல் உப்பு. ஒருவர் நாளொன்றுக்கு 9 கிராம் உப்பு சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இறங்கும். 500 பேருக்கு 4.5 கிலோ, ஒரு ஆண்டில் 1,600 கிலோவுக்கு மேல். பெரும்பாலான செடிகள் அதை அதிகம் தொடாது, கரைசலில் ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் ஆண்டில் இலை ஓரம் கருகத் தொடங்கும், யாருக்கும் காரணம் புரியாது. தீர்வுகள் இருக்கின்றன. உப்பைக் குறைத்துச் சாப்பிடுவது முதல் தீர்வு. பீட்ரூட், பொட்டாசியத்துக்குப் பதில் சோடியத்தையும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். அதை விளைவித்துச் சமைத்தால் உப்பு உணவாகவே திரும்பி வரும். மீதியை மின்சாரத்தால் உப்பைப் பிரிக்கும் சவ்வாலோ, விளக்கறையின் வீண் வெப்பத்தில் ஆவியாக்கியோ பிரித்துச் சமையலறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நான் ஒரு பாதாளக் கதை எழுதினால், ஊறுகாயைத் திருட்டுப் பொருளாக வைப்பேன்.

பாஸ்பரஸ் பற்றி ஒரு வார்த்தை. அதைக் காற்றிலிருந்தோ சுண்ணாம்புக்கல்லிலிருந்தோ எடுக்க முடியாது. ஒரு பெரியவரின் உடலில், பெரும்பாலும் எலும்பில், 700 கிராம் அளவுக்கு இருக்கிறது. இறந்தவர்களை அந்த ஊர் என்ன செய்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். அதை மரியாதையோடு எழுதுங்கள்.

ஐந்தாம் படி: தொட்டியும் வேரும்

மெல்லிய நீர்ப்படலம் சாய்வுக் குழாயில் ஓடி வேரை நனைக்கும் முறைக்குத் தண்ணீர் குறைவு, அடுக்குகளுக்கு எடை குறைவு. ஆனால் மின்சாரம் நின்றால் சில மணி நேரத்தில் செடி துவண்டுவிடும். ஆழத் தொட்டியில் வேர் மிதக்கும் முறை கனமானது, ஆனால் பம்பு நின்றாலும் கூடுதல் நேரம் தாங்கும். சரளைக்கல் படுக்கையில் கரைசலை ஏற்றி இறக்கும் முறை இரண்டுக்கும் நடுவில். 1945-இல் அமெரிக்கப் படை, அட்லாண்டிக் நடுவிலுள்ள வறண்ட அசென்ஷன் தீவில் சரளையில்தான் காய்கறி விளைவித்தது. குடைந்தெடுத்த கல்லை உடைத்துச் சலித்தாலே உங்களுக்குப் படுக்கை தயார். சுண்ணாம்புக்கல் சரளை மட்டும் வேண்டாம், பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும். என் தேர்வு: உயிர் நிறுத்தும் தானியத்துக்கும் கிழங்குக்கும் சரளை, கீரைக்கு நீர்ப்படலம்.

கரைசல் 18 முதல் 22 டிகிரி இருக்க வேண்டும். ஒரு கோடையில் நான் வாளியில் வளர்த்த லெட்டூஸை நான்கு நாள் கவனிக்காமல் விட்டேன். காற்றுக்குழாய் கழன்றிருந்தது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே இலைகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன, அவ்வளவுதான். மூடியைத் தூக்கியதும் சாக்கடை நாற்றம். வெள்ளை நூல்போல இருந்த வேர்கள் பழுப்பாகி, விரலில் பிடித்தால் தோல் வழுக்கிக் கழன்று, நடுவில் ஒரு நார் மட்டும் மிஞ்சியது. பித்தியம் வேரழுகல். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், பித்தியத்துக்கு அதுவே கொண்டாட்டம். அன்றிலிருந்து நான் இலையைப் பார்க்குமுன் வேரைப் பார்க்கிறேன். உங்கள் ஊரின் பண்ணைக்காரரும் அப்படித்தான் நடந்துகொள்வார்: வந்ததும் மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பார்.

ஆறாம் படி: உணவுப் பயிர்கள்

கோதுமைதான் தூண். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விண்வெளிக்கென்றே உருவாக்கிய அப்போஜி என்ற குட்டை ரகம் அரை மீட்டர் உயரம்தான் வளரும், 24 மணி நேர வெளிச்சத்தையும் தாங்கும், இரண்டு மாதம் கடந்ததும் அறுக்கலாம். தக்காளிக்கு இந்த ஓயாத வெளிச்சம் ஆகாது, இலை வெளுத்துவிடும். அதற்கு இருட்டு வேண்டும். சோயாவும் நெல்லும் குறுகிய பகலில்தான் பூக்கும். ஆக ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தனிப் பகல். ஒரு கூடத்தில் நள்ளிரவு, அடுத்த கூடத்தில் உச்சிவேளை. இது ஊரின் வேலை நேரத்தையே மாற்றிவிடும். எல்லாக் கூடங்களும் ஒரே நேரத்தில் எரியக் கூடாது என்பதால் மின்நிலையக்காரர்களுக்கும் இது வசதி.

40 சதுர மீட்டரில் கோதுமைக்கு 16, சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் 12, சர்க்கரைவள்ளிக்கும் உருளைக்கும் 8, காய்கறிக்கும் கீரைக்கும் 4 என்று நான் பிரிப்பேன். சர்க்கரைவள்ளியின் இலையும் கீரையாகும். டஸ்கீகி பல்கலைக்கழகம் அதை நீர்ப்படலத்திலேயே விளைவித்துக் காட்டியிருக்கிறது. நிலக்கடலையின் விழுது இறங்கிக் காய்க்க மேலே மெல்லிய மணல் படுக்கை வைப்பது நல்லது. பூசணிக்குக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், தக்காளிப் பூவைத் தட்டிவிட்டால் போதும், கோதுமைக்கு ஒன்றும் வேண்டாம்.

செடி தராதவற்றை மறக்காதீர்கள். பி12 எந்தப் பயிரிலும் நம்பும்படி இல்லை, பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுக்க வேண்டும். சூரியன் இல்லாததால் வைட்டமின் டி கிடைக்காது; காளானை அறுத்ததும் சிறிது நேரம் புற ஊதா விளக்கில் காட்டினால் அதில் டி2 உருவாகும். அயோடின் செடிக்கு வேண்டாம், மனிதருக்கு வேண்டும். கரைசலில் கலக்காவிட்டால் சில ஆண்டுகளில் ஊரெல்லாம் கழுத்துக் கழலை.

சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்கில் 1972-இல் கட்டிமுடித்த பயோஸ்-3 என்ற மூடிய கூடத்தில் 3 பேர் 180 நாள் வாழ்ந்தார்கள். கோதுமையும் காய்கறியும் உள்ளேயே விளைந்தன, காற்றும் பெரும்பகுதி நீரும் அங்கேயே சுழன்றன. புரத உணவின் ஒரு பகுதி வெளியிலிருந்து போனது. உங்கள் ஊருக்கு அந்த வசதியும் இல்லை, அதனால்தான் சோயாவுக்கு அவ்வளவு இடம்.

ஏழாம் படி: நார்ப் பயிர்கள்

இங்கேதான் பெரும்பாலான கற்பனை ஊர்கள் தடுமாறுகின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 3 கிலோ புது நார் என்று சிக்கனமாக வைத்துக்கொள்வோம். உடை, போர்வை, கட்டுத்துணி, மாவு சலிக்கும் துணி, கயிறு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மிக நல்ல பாசனப் பருத்தி வயலில் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் அளவுக்குப் பஞ்சு கிடைக்கும். ஆறு மாதப் பயிர், ஆண்டுக்கு இரண்டு போகம். நாளொன்றுக்கு 35 மோல் ஒளி கொடுத்தால், ஒரு கிலோ பஞ்சுக்குச் சுமார் 2,400 யூனிட் மின்சாரம் ஆகிறது. ஒரு கிலோ கோதுமைக்கு ஆவது 250. 200 கிராம் எடையுள்ள ஒரு சட்டை, அதை அணிபவரின் கிட்டத்தட்ட மூன்று நாள் சாப்பாட்டு வெளிச்சம். அந்த ஊரில் கிழிசலைத் தைக்காமல் தூக்கிப்போடுபவர் இருக்க முடியாது. திருமணத்துக்குப் புதுத்துணி எடுப்பது ஊரே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

பருத்திக்கு வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் கோபம் வந்துவிடும். விளக்கடியில் வளர்த்துப் பார்த்தபோது எனக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றம்தான். சப்பைகள், அதாவது பூமொட்டுகள், வரிசையாகக் கட்டின. ஒரு காலையில் முதல் பூ வெளிறிய மஞ்சளாக விரிந்தது, மறுநாள் இளஞ்சிவப்பாக மாறியது, மூன்றாம் நாள் இதழ் விழுந்து கீழே ஒரு பச்சைக் காய் தெரிந்தது. பத்து நாளில் அந்தக் காயும் உதிர்ந்தது, கூடவே ஏழெட்டுச் சப்பைகளும். விளக்கைத் தாழ்த்தி, அறையில் வைத்திருந்த பழக்கூடையை வெளியே எடுத்த பிறகுதான் காய் தங்கியது. 25 முதல் 32 டிகிரி வெப்பம் வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் நுனி கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை நன்றாக வரும்.

ஒரு கிலோ பஞ்சோடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பருத்திக் கொட்டை கிடைக்கும். அதில் எண்ணெய் உண்டு, ஆனால் கோசிபால் என்ற நச்சும் உண்டு. சுத்திகரிக்காமல் சாப்பிடக் கூடாது.

ஆளிச்செடி இதைவிடச் சிக்கனம். 100 நாள் பயிர், நாளொன்றுக்கு 25 மோல் ஒளியே போதும், சதுர மீட்டருக்கு 150 கிராம் நார் எடுக்கலாம். கணக்குப் போட்டால் கிலோவுக்கு 1,500 யூனிட். நெருக்கமாக விதைக்க வேண்டும், சதுர மீட்டருக்கு 1,500 செடிகளுக்குக் குறையாமல். அப்போதுதான் கிளைக்காமல் நேராக நெடுநெடுவென்று வளரும். நைட்ரஜனை அடக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பயிர் சாய்ந்துவிடும். தண்டின் கீழ்ப்பகுதி மஞ்சளானதும் அறுக்காமல் வேரோடு பிடுங்குங்கள், நார் முழு நீளத்துக்குக் கிடைக்கும்.

பிடுங்கிய பிறகு ஊறப்போட வேண்டும். வயலில் பனியில் நனையவிடும் முறை இங்கே இல்லை. 30 டிகிரி நீரில் நான்கு முதல் ஏழு நாள். தினமும் ஒரு தண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் கட்டை முறிந்து, நார் மட்டும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ரிப்பன்போல உரிந்து வந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினால் நாரே இற்றுப்போகும். இந்த வேலையின் நாற்றம் கடுமையானது, ஆக்சிஜனையும் தின்னும். எனவே மூடிய தொட்டி, அதன் காற்று நேராக வடிகட்டிக்கு, ஊறல் நீர் சாண எரிவாயுக் கலன் போன்ற ஒரு மீத்தேன் கலனுக்கு. ஊறல் கூடத்தை ஊரின் எந்த ஓரத்தில் வைக்கிறீர்கள், அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்பது உங்கள் கதையில் கண்டிப்பாக வர வேண்டும்.

சணல் மூன்று மீட்டர் உயரம் போகும், அடுக்கில் வளராது. இயற்கையான உயரக் குகை ஒன்று இருந்தால் அதற்கு ஒதுக்குங்கள். இளந்தழை கீரையாகும், நார் கயிறும் சாக்கும் ஆகும். பகல் நீளமாக இருக்கும்வரை அது பூக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். விதைக்கென்று சில செடிகளுக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்.

பஞ்சு அரவையும் நார் சீவுவதும் தனி அறையில், தனிக் காற்றோட்டத்தில் நடக்க வேண்டும். பஞ்சுத் தூசியும் ஆளித் தூசியும் நெஞ்சை இறுக்கும் பிசினோசிஸ் நோயைக் கொண்டுவரும், தீயும் எளிதில் பற்றும். மாவு அரைக்கும் இடத்துக்கும் இதே விதி. நைந்த துணியைக் காகிதமாக்கலாம், அதுவும் முடிந்தால் காளான் படுக்கை.

எட்டாம் படி: நோயைக் கதவிலேயே நிறுத்துங்கள்

கரைசலை ஊருக்கெல்லாம் ஒரே சுற்றாக ஓட்டாதீர்கள். ஒரு கூடத்து வேரழுகல் ஒரே இரவில் எல்லாக் கூடங்களுக்கும் போய்விடும். குறைந்தது ஐந்து தனிச் சுற்றுகள், ஒவ்வொன்றிலும் எல்லாப் பயிரும் கொஞ்சம். கூடம் மாறும்போது உடை மாற்றிக் கை கழுவ வேண்டும். வெள்ளை ஈ, இலைப்பேன், சிலந்திப்பேன் மூன்றும் உடையில் ஒட்டித்தான் வரும். தக்காளியைத் தாக்கும் புகையிலைத் தேமல் வைரஸ் கையில் வரும்.

ஒன்பதாம் படி: முதல் 100 நாள்

நைட்ரேட் தரும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் முதல் ஆள் குடியேறிய அன்றே சிறுநீர்த் தொட்டி ஓடத் தொடங்க வேண்டும், முதல் விதைப்பு மூட்டை உரத்தில். கோதுமையை ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரம் ஒரு பங்கு வீதம் பத்துப் பங்காக விதைத்தால், பத்தாம் வாரத்திலிருந்து வாரந்தோறும் அறுவடை வரும், வெப்பமும் ஈரமும் ஒரே சீராக இருக்கும், ஒரு விதைப்பு கெட்டாலும் ஒன்பது மிஞ்சும். அதுவரை 500 பேருக்கும் கையிருப்பில் 70 நாள் அல்ல, 150 நாள் உணவு இருக்கட்டும், ஏனென்றால் முதல் விதைப்பு பெரும்பாலும் சரியாக வராது.

நாலாம் வாரம் கீரை, ஏழாம் வாரத்துக்குள் முதல் காளான் படுக்கைக்கான ஏற்பாடு, பத்தாம் வாரம் முதல் கோதுமை. ஆளியை ஐந்தாம் வாரத்தில் விதையுங்கள், ஊறல் தொட்டி தயாராக அது போதிய அவகாசம். பருத்தியைக் கடைசியாக, கரைசலின் உப்பு அளவை மூன்று மாதம் அளந்து பார்த்து, அது ஏறாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு. ஒவ்வொரு பயிரிலும் முதல் நல்ல செடிகளின் விதையைச் சமையலறைக்குக் கொடுக்காமல் எடுத்து, நன்றாக உலர்த்தி, உறைகுளிரில் இரண்டு வெவ்வேறு அறைகளில் வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.